வெற்றி ஊர்வலத்துக்கு ஒரு நல்ல நேரம்

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். தல்லாகுளத்தில் கண் டாக்டரின் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தபோது ரோடு, பஸ், வேப்பமரம் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. வெயில் கூசியது. கர்ச்சீப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆட்டோ தேடினேன். எதிரே ஏதோ ஓர் அலுவலகத்தின் நீளச் சுவர். அதிலிருந்து ஒரு பெண் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ தெரிந்தவள் மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். நான்தான்.

அதுவும் ஒன்றல்ல, வரிசையாக ஏழு நான். பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. புளித்த மைதா வாசனை குப்பென்று அடித்தது. என் முகத்துக்கு மேலே, கைகூப்பியபடி எங்கள் வேட்பாளர். அவர் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில், "வென்றீர்கள். வாழ்த்துகள்." எனக்குக் கீழே கறுப்பு எழுத்தில், "கேட் மூடியே இருக்கிறது. நினைவூட்டுகிறோம்."

மணி பத்தே கால். நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் வேட்பாளர் வெல்லவில்லை. வெல்வார் என்கிற அறிகுறியும் இல்லை. டாக்டரின் அறைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த டிவியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "பின்னடைவு" என்று போட்டிருந்ததை, மருந்து விடுவதற்கு முன்பே நான் தெளிவாகப் பார்த்திருந்தேன்.

கட்சி வேண்டாம், கேட் போதும்

அவர் எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். எங்கள் காலனிக்கும் அன்று கட்சி கிடையாது. எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு ரயில்வே கேட்.

திருப்பரங்குன்றம் தாண்டி, தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிறது எங்கள் காலனி. விவசாயம் பார்த்த குடும்பங்கள், வயலை விற்றுக் கடை வைத்தவர்கள், எங்களைப் போல மிஷன் பள்ளிகளில் வேலை பார்த்து வீடு கட்டியவர்கள் என்று கலந்து கிடப்போம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் தண்டவாளத்துக்குக் கிழக்கே. நடுவில் கேட். ஒற்றைத் தண்டவாளமாக இருந்தபோது ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவார்கள். இரட்டைப் பாதை போட்டதும், ஒரு வண்டி போனால் எதிர் வண்டிக்கும் சேர்த்து நிற்க வேண்டியதாயிற்று. வண்டிகள் வேகமாயின, நாங்கள் மெதுவானோம்.

அடியில் ஒரு சுரங்கப்பாதை கேட்டோம். கலெக்டரிடம் கேட்டால் ரயில்வே என்றார்கள். ரயில்வேயில் கேட்டால் டெல்லி என்றார்கள். டெல்லிக்குப் போய்ப் பேச எங்களிடம் இருந்த ஒரே ஆள் எம்.பி. அதனால்தான் சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் எல்லாவற்றையும்விட நாடாளுமன்றத் தேர்தல் எங்களுக்குப் பெரிசு. நாட்டை யார் ஆளப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டபோது, எங்கள் மண்டையில் இரண்டு இரும்புக் கம்பம்தான் இருந்தது.

அதற்கு முந்தைய தேர்தலில் கோபத்தில் ஓட்டுப் போடாமல் புறக்கணித்தோம். வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி. நான் முப்பது வருடம் தேர்தல் பணிக்குப் போனவள். எத்தனையோ ஊரில் எத்தனையோ விரல்களில் மை வைத்திருக்கிறேன். அன்று எங்கள் வாக்குச்சாவடியில் மை புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலம் ஓட்டே விழாத மெஷினையும் முறைப்படி சீல் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களுடைய கோபமும் அதோடு போயிற்று. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

இந்தத் தடவை கருப்பையா அண்ணன்தான் கூட்டம் போட்டார். அவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். நிலம் இருந்தது, இப்போது சிமெண்டுக் கடை இருக்கிறது. "போடாம இருந்து என்னத்தக் கண்டோம்? இந்த வாட்டி அம்புட்டுப் பேரும் போடுவோம். எவன் நம்ம கேட்டப் பத்தி ஒழுங்காப் பேசுறானோ அவனுக்குப் போடுவோம்" என்றார்.

வேட்பாளர்கள் எல்லோரும் வந்தார்கள். வேனில் நின்றபடியே எல்லோரும் சுரங்கப்பாதை கட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் இறங்கி நடந்து வந்தார். நான் முன்னால் போய், "வாயால சொல்லாதீங்கய்யா, எழுதிக் குடுங்க" என்று ஒரு நோட்டை நீட்டினேன். பேனாவுக்குத் தேடினார். என் பையில் பேப்பர் திருத்திய காலத்துச் சிவப்புப் பேனாதான் இருந்தது. அதை வாங்கி, "ஜெயித்தால் இந்தக் கேட்டுக்காகப் பேசுவேன், விடமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஓட்டு அங்கேயே முடிவாகிவிட்டது.

ஊரும் போஸ்டரும்

மதுரையில் போஸ்டர் இல்லாமல் ஒரு காரியம் முடியாது. காது குத்துக்குப் போஸ்டர். வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை வந்தால் போஸ்டர். அலங்காநல்லூரில் பிடிபடாத காளைக்குக் கண்ணாடி மாட்டிப் போஸ்டர். இதையெல்லாம் பார்த்து முகத்தைச் சுளித்தே காலம் தள்ளியவள் நான். என் வீட்டுக்காரர் இறந்தபோது அவரிடம் படித்த பிள்ளைகள் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள். துக்கத்திலும் அவர்களைக் கூப்பிட்டு, எதுக்குப்பா இதெல்லாம் என்று கடிந்துகொண்டேன். மழையில் அவர் முகம் கிழிந்து தொங்கியதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்படிப்பட்டவளைக் கருப்பையா அண்ணன் எப்படியோ மடக்கிவிட்டார். ஜெயித்த அன்றே ஊர் முழுக்க எங்கள் போஸ்டர் இருக்க வேண்டும், எம்.பி. எந்தச் சுவரைப் பார்த்தாலும் கேட் ஞாபகம் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. வாசகம் நான் எழுதினேன். அது வரைக்கும் சரி. "படமும் வேணும் டீச்சர். மொகம் இல்லாத போஸ்டர மதுரையில எவன் படிப்பான்?" என்றார். காலனிக்காரர்கள் இருபத்தாறு பேர் ஸ்டாம்ப் அளவில். நடுவில் பெரிதாக நான். ஓய்வுபெற்ற நாளன்று மைக்கில் பேசும்போது எடுத்த படம், அதனால்தான் வாய் திறந்திருந்தது.

எண்ணிக்கை நாளில் பிரஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. ஜெயிக்கிற கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே அடித்து வைத்துக்கொள்வது வழக்கம். நாங்களும் அடித்து, ஒட்டுகிற முருகேசனிடம் கொடுத்துவைத்தோம். முருகேசன் எங்கள் காலனிக்குப் பக்கத்துத் தெருக்காரன். மொபெட்டில் முன்னால் பசை வாளி, பின்னால் போஸ்டர் கட்டு. "எப்ப ஒட்டணும்?" என்று கேட்டதற்கு, கருப்பையா அண்ணன் யோசிக்காமல் சொன்னார்: "வெடிச் சத்தம் கேட்டதும் கெளம்பிரு."

பெரியவரின் வெடி

தல்லாகுளத்தில் என் ஏழு முகங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு கருப்பையா அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"டீச்சர், கோரிப்பாளையத்துலயும் ஒட்டிட்டானாம். எங்க அயித்த மகன் பாத்துட்டுப் போன் பண்ணிச் சிரிக்கிறான்."

"யாரு ஒட்டச் சொன்னா?"

"நீங்க வாங்க டீச்சர். அவன் இங்க டீக்கடையிலதான் உக்காந்துருக்கான். நீங்களே கேளுங்க."

விஷயம் இதுதான். முருகேசன் தெருவில் தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். பேரன், கொள்ளுப்பேரன் எடுத்த நிறைவான சாவு. காலையிலேயே மேளம் வந்து, தெருமுனையில் சரவெடி போட்டிருக்கிறார்கள். முருகேசன் வீட்டுக்குள் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவன் சத்தத்தைக் கேட்டதும், எட்டிக்கூடப் பார்க்காமல் பின்பக்கச் சந்து வழியாக வண்டியை எடுத்துவிட்டான்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது வழியெல்லாம் என் முகம்தான். பஸ் நிறுத்தத்தில், பாலத்துத் தூணில், எதிர்க்கட்சி வேட்பாளரின் சொந்தக்காரர் நடத்தும் கல்யாண மண்டபத்துச் சுவரில். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க எலக்சன்ல நின்னீகளா?" என்று கேட்டார். கண்ணில் மருந்து, பேச முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பாக எழுதிவிட்டேன். அன்று பயமாகத்தான் இருந்தது. அவர் தோற்றுவிட்டால், ஜெயிக்கிறவர் ஐந்து வருடத்துக்கு எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பாரா? தனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள் யார் யார் என்று தேட வேண்டியதே இல்லை. இருபத்தேழு பேரும் படத்தோடு சுவரில் இருக்கிறோம்.

பதினொரு நிமிடம்

கேட் மூடியிருந்தது. ஆட்டோ நின்றது. முன்னால் பைக்குகள், பால் வண்டி, ஒரு மினி பஸ்.

என் வீட்டுக்காரர் ஜெபராஜ் ஓவிய ஆசிரியர். ஒரு சனிக்கிழமை காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இதே இடம். கம்பம் அப்போதுதான் இறங்கி முடிந்திருந்தது. பீரியடு பார்த்துப் பார்த்துப் பழகிய கை, தானாக வாட்சைத் திருப்பியது.

அவர் வேர்வையோடு என் தோளில் சாய்ந்துகொண்டு, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். அணைத்துவிட்டேன் என்றேன். அணைக்கவில்லை. ஒரு சரக்கு வண்டி போயிற்று. கேட் திறக்கவில்லை, எதிர் வண்டிக்கு நின்றோம். அதுவும் போய்க் கம்பம் மேலே ஏறியபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்குக் கேட்டைப் பற்றித் தெரியாது.

கேட்கீப்பர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, கம்பம் எப்போது இறங்குகிறது, எப்போது ஏறுகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் அடுத்த வண்டியின் நேரத்தை எழுதுவேன்.

உரிக்கிற பழக்கமில்லை

கேட் திறந்து டீக்கடைக்குப் போனபோது முருகேசன் பெஞ்சில் சம்மணம் போட்டு வடை தின்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, டிவியக்கூடப் பாக்க மாட்டியா?"

"டீச்சர், பத்தாயிரம் வாலா போட்டாக. எம்.பி. ஆகாம யாருக்கு அம்புட்டு வெடி போடுவாக?"

"செத்துப் போனவருக்குப் போடுவாக" என்றார் கருப்பையா அண்ணன்.

"அது எனக்கு இப்பத் தெரியும்ணே. அப்பத் தெரியாதுல்ல."

போய் உரித்துவிட்டு வா என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஒட்டுறதுதான் என் தொழிலு. இன்னிக்கு வரைக்கும் ஒட்டுனத உரிச்சதில்ல. அடுத்தவன் ஒட்டுனதையும் உரிச்சதில்ல. வேற ஆளப் பாருங்க" என்றான்.

கருப்பையா அண்ணன் கத்தத் தொடங்கினார். எனக்கு என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இருக்கட்டும்ணே. நாம எழுதுனதுல என்ன பொய் இருக்கு? கேட் மூடித்தான கெடக்கு. எவரு ஜெயிச்சாலும் படிக்கட்டும்" என்றேன். சொன்ன பிறகு பயம் பாதியாகக் குறைந்தது. சுவரில் இருக்கிற என் முகத்தை உரிக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கே பிடிவாதம் வந்தது.

பிறகு எல்லோரும் டீக்கடை டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். டெல்லியில் யார் ஆட்சி என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடியில் ஓடுகிற எழுத்தில் மதுரை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கிய கண்ணோடு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கருப்பையா அண்ணன் மருமகள்தான் வாசித்துச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குப் பின்னடைவு. ஒரு மணிக்கும் பின்னடைவு, ஆனால் கொஞ்சம்தான். சோறு எடுத்து வந்தவர்கள் பாத்திரத்தைத் திறக்கவில்லை. கடைக்காரர் டீயை ஆற்றியபடியே நின்றுவிட்டார்.

ஒன்றரை மணிக்கு அவள் வாசிக்காமல் எழுந்து நின்றாள். "முன்னிலை" என்றாள் மெதுவாக. எண்ணும் மையத்திலிருந்து யாரோ கருப்பையா அண்ணனுக்குப் போன் செய்து, "ஒங்க காலனி மெசின் இப்பத்தாண்ணே தொறந்தாக, ஓட்ட வழிச்சு ஊத்திருக்கீக" என்றார்கள். போன தடவை காலியாகப் போன எங்கள் மெஷின். அதைக் கேட்டதும் அந்த மனிதர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். சிமெண்டு மூட்டை தூக்கிய தோள் குலுங்குகிறதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. நான்கு மணிக்கு வென்றார் என்று போட்டார்கள். இந்த முறை வெடித்த வெடி எங்கள் வெடி. பெண்கள் கேசரி கிண்டினார்கள். நான் பள்ளி ஆண்டு விழாவில்கூட ஆடியதில்லை. அன்று ரோட்டில் இரண்டு சுற்று கும்மி அடித்தேன். முருகேசன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பாத்தீகளா, ஊருக்கே மொதல்ல ஒட்டுனது நாந்தேன்" என்றான். எதிர்க்கட்சிக்காரரான டீக்கடைக்காரர்கூடச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தார்.

ஐந்து நாற்பது

மறுநாள் காலை போன் வந்தது. எம்.பி.யோடு இருக்கிற ஒரு கட்சிக்காரர்.

"டீச்சர், நன்றி சொல்ல ஐயா சாயங்காலம் ஊர்வலமா வாராரு. பாக்குற சொவத்துல எல்லாம் நீங்கதான் இருக்கீக, மொதல்ல ஒங்க காலனிக்குத்தான் போகணும்னு சொல்லிட்டாரு. எத்தன மணிக்கு வரலாம்? ஐயா நேரம் பாப்பாரு."

காலண்டர் எதிரேதான் தொங்கியது. எழுந்துபோய்த் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"சரியா அஞ்சு நாப்பதுக்கு கேட்டுக்கிட்ட வந்துருங்க. அதுதான் நல்ல நேரம்."

"நீங்களும் நல்ல நேரம் பாப்பீகளா டீச்சர்?"

"எப்பவும் இல்ல. இன்னைக்குப் பாத்தேன்."

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். திறந்த ஜீப்பில் எம்.பி., கழுத்து நிறைய மாலை, பின்னால் நூறு பைக். நாங்கள் மேற்குப் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றோம். ஜீப் பத்தடி தூரத்தில் வரும்போது மணி அடித்தது. கம்பம் இறங்கியது.

முதலில் தெற்கேயிருந்து பாசஞ்சர். அது போகும் வரை மேளம் நிற்கவில்லை. கேட் திறக்கவில்லை. மதுரையிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் வந்தது. வெடிகள் தீர்ந்தன. கேட் திறக்கவில்லை. மேளக்காரர்கள் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் கேட்கீப்பரிடம் போய்ச் சத்தம் போட்டார். "யாரா இருந்தாலும் வண்டி போனப்பறந்தேன்" என்று அவர் சொன்னது எங்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. பிறகு சிமெண்டு ஏற்றிய சரக்கு வண்டி, நிதானமாக, பெட்டி பெட்டியாக. இடைவெளிகளில் எம்.பி. தெரிந்து தெரிந்து மறைந்தார். வேர்வையைத் துடைக்கிறார். மாலையைக் கழற்றுகிறார். வாட்சைப் பார்க்கிறார். நானும் வாட்சைப் பார்த்தேன்.

கருப்பையா அண்ணன் என் காதருகே குனிந்தார். "டீச்சர், தெரிஞ்சே சொன்னீகளா?" நான் ஆரத்தித் தட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

கம்பம் ஏறியதும் அவர் ஜீப்பில் வரவில்லை. இறங்கி, முன்னால் வந்தவர்களோடு தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வணக்கம் சொல்லவும் மறந்து, நேராக என்னிடம் கேட்டார்.

"டீச்சர், இம்புட்டு நேரமா மூடுறாக?"

"இன்னைக்கு இருபத்திரெண்டு நிமிசம்யா. எங்க வீட்டுக்காரரு இதே எடத்துல பதினொரு நிமிசம் நின்னாரு. அம்புட்டுதான் அவரால முடிஞ்சது."

அவர் மெதுவாகத் திரும்பிக் கேட்டைப் பார்த்தார். மறுபடி மணி அடித்தது. கம்பம் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஜீப்பும் ஊர்வலத்தில் முக்கால்வாசியும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

ஆறு பத்து வண்டி. அதையும் பார்த்துவிட்டுத்தான் நேரம் சொல்லியிருந்தேன்.